ஒன்று எப்படி இரண்டானது? உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி உயிரியல் பாடநூல்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

பரிணாமப் பாடத்தை எடுத்துவிடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. இந்த மடல் அந்தப் பாடத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியது.

பாடத்தைத் திறந்தால், பயன்படுத்தி வளர்ந்த உறுப்பு பிள்ளைகளுக்கும் வரும் என்ற லாமார்க் வருகிறார். அவரோடு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தும் வருகிறது. அடுத்து டார்வின், அவர் பயணம் செய்த பீகிள் கப்பல். கரி படிந்த மரத்தில் கறுப்பு அந்துப்பூச்சி உட்கார்ந்திருக்கிறது. வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு, மனிதனின் கை மூன்றுக்கும் எலும்பமைப்பு ஒன்றே என்று ஒரு படம். கடைசியில், இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு வரி: "இவ்வாறு நீண்ட காலப்போக்கில் புதிய சிற்றினங்கள் தோன்றுகின்றன." எவ்வாறு என்று கேட்கிற மாணவருக்குப் புத்தகம் கைவிரித்துவிடுகிறது. முந்தைய பக்கங்களில் உயிரினங்கள் மாறிய கதை உண்டு. ஓர் உயிரினம் இரண்டாகப் பிரிந்த கதை ஓரிடத்திலும் இல்லை.

அந்துப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1848இல் மான்செஸ்டரில் கறுப்பு வகை முதன்முதலில் பதிவானது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பகுதியில் ஏறக்குறைய எல்லாமே கறுப்பாகிவிட்டன. காற்று தூய்மையானதும் வெளிர் வகை மீண்டும் பெருகியது. சூழலுக்குப் பொருந்தியவை கூடுதலாகப் பிழைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் தொடக்கம் முதல் இறுதிவரை அது ஒரே சிற்றினம்தான். கறுப்பும் வெளிரும் தயக்கமின்றி இணைசேர்ந்தன, பெருகின. புதிய சிற்றினம் தோன்றுவதற்கு இதை எடுத்துக்காட்டாக அச்சிடுவது, கேட்ட கேள்விக்கு வேறொரு கேள்வியின் விடையை எழுதுவதாகும். மாணவர் அப்படி எழுதினால் நீங்கள் மதிப்பெண் தரமாட்டீர்கள்.

1859இல் டார்வின் வெளியிட்ட நூலில் இருந்த படம் ஒன்றே ஒன்று. அதில் குருவியும் இல்லை, ஆமையும் இல்லை. கீழிருந்து மேலாகச் சென்று கிளை கிளையாகப் பிரியும் கோடுகள். பாதியில் நின்றுபோகும் கோடுகள் பல, தொடர்ந்து பிரிகிற கோடுகள் சில. முழு நூலுக்கும் அந்த ஒரு படம் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். நம் பாடநூல்களிலோ, குனிந்த குரங்கிலிருந்து நிமிர்ந்த மனிதன்வரை வரிசையாக நடக்கும் படம் தவறாமல் இருக்கிறது, கிளைப் படத்தைத் தேடவேண்டியிருக்கிறது. அந்த வரிசைப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம், "குரங்கிலிருந்து மனிதன் வந்தானென்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்று மடக்குவதாக நினைத்துக் கேட்கிறார்கள். அவர்கள்மீது குற்றமில்லை. படம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இனி, பாடத்தில் என்ன இருக்கவேண்டும் என்று நினைக்கிறேனோ அதைச் சொல்கிறேன்.

முதலாவது, மாறுவது தனி உயிர் அன்று, கூட்டம். "உயிரினங்கள் சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எந்தப் பறவையும் தன் அலகை மாற்றிக்கொண்டதில்லை. பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973இல் தொடங்கிய ஆய்வு இதைக் கண்முன் நிறுத்துகிறது. அங்கிருந்த பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகின் நீளத்தையும் தடிமனையும் அளந்து விட்டார்கள். 1977இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் விரைவிலேயே தீர்ந்துபோயின. மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள் மூடிய கடினக் காய். தடித்த அலகுள்ள பறவையால் அதை உடைத்து உள்ளிருக்கும் விதையை எடுக்க முடிந்தது; மெலிந்த அலகுள்ளது முயன்று பார்த்து விட்டுவிட்டது. சுமார் 1,200 ஆக இருந்த நடுத்தரத் தரைக்குருவிகளில் 180 அளவில்தான் பிழைத்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகு, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிடத் தடிமனாக இருந்தது. பெற்றோரின் அலகு குஞ்சுகளுக்கும் வந்ததால் அடுத்த தலைமுறையின் சராசரியும் உயர்ந்தது.

இதில் எந்த ஒரு பறவையின் அலகும் வளரவில்லை. செத்தவை எவை, பிழைத்தவை எவை என்பதில்தான் மாற்றம் நடந்தது. கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள். பசிபிக் கடல் சூடேறி அங்கே பெருமழை தரும் எல்நினோ 1982இன் இறுதியில் தொடங்கி 1983இலும் கொட்டித் தீர்த்தது, சிறு விதைகள் மலிந்தன, தேர்வின் திசை தலைகீழானது. இப்போது சிறிய அலகுக்குக் காலம் கனிந்தது. பரிணாமம் எதையோ நோக்கி மேலேறிச் செல்கிறது என்ற எண்ணம் இந்தச் சில ஆண்டுகளிலேயே அடிபட்டுப்போகிறது.

வேறுபாடுகள் தேவையைப் பார்த்துத் தோன்றுவதில்லை என்பதற்கு லெடர்பெர்க் தம்பதியர் 1952இல் செய்த சோதனை ஒன்று போதும். ஒரு தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் குடியிருப்புகளை வெல்வெட் துணியில் ஒற்றி, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்த தட்டுகளில் பதித்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் அதே இடங்களில் பாக்டீரியா பிழைத்தது. மருந்தையே பார்த்திராத மூலத் தட்டின் அந்த இடங்களிலும் எதிர்ப்புத்திறன் ஏற்கெனவே இருந்தது. பாடத்தில் இது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவதுதான் முக்கியமானது. ஒரு சிற்றினத்தை ஒன்றாக வைத்திருப்பது எது என்று புத்தகம் சொல்வதே இல்லை. கூட்டங்களுக்கிடையே தலைமுறைதோறும் நடக்கும் கலப்புதான் அது. ஒரு கூட்டத்தில் தோன்றிய மரபணு மாற்றம், அங்கிருந்து வெளியேறி வேறிடத்தில் இணைசேரும் உயிர்களின் வழியாக மற்றக் கூட்டங்களுக்கும் பரவுகிறது. இந்த ஓட்டம் இருக்கும்வரை கூட்டங்கள் வெகுதூரம் விலகிப்போக முடியாது. ஓட்டம் நின்றால் ஒவ்வொன்றும் தன் போக்கில் போகும். தேர்வு ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். சிறிய கூட்டமாக இருந்தால், எந்த நன்மையும் தீமையும் இல்லாத மரபணு வடிவங்கள்கூட வெறும் தற்செயலால் பெருகும் அல்லது மறையும். ஆகவே புதிய சிற்றினம் எப்படித் தோன்றுகிறது என்ற கேள்வி, அந்த ஓட்டம் எப்படி நிற்கிறது, நின்றபின் மீண்டும் தொடங்காதபடி எது தடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளாகப் பிரிகிறது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

ஓட்டம் நிற்பதற்கு எளிய வழி, நடுவே ஒரு தடை எழுவது. ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பனாமா நிலஇணைப்பு உருவாகி முடிந்தபோது கரீபியக் கடலும் பசிபிக் கடலும் பிரிந்தன. கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் ஒருவகை இறால்கள் இருபுறமும் உண்டு. இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் அதற்கு நெருங்கிய உறவாக ஒன்று என்று இணை இணையாக இருக்கின்றன. கடல் உயிரியலாளர் நான்சி நோல்ட்டன் குழுவினர் இருகரை இறால்களையும் ஒரே தொட்டியில் சேர்த்துவிட்டுப் பார்த்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவை ஒன்றையொன்று கொடுக்கால் மிரட்டிக்கொண்டன. இணைசேர்ந்து முட்டையிட்டவை மிகச் சில. கடல் மீண்டும் ஒன்றாகிவிட்டாலும் இனி அவை ஒன்றாகா.

ஏன் ஆகா என்பதுதான் இந்தத் துறையின் மிகச் சுவையான புதிர். அது பாடநூலில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. புதிர் இதுதான். கலப்பில் பிறந்த குட்டிக்கு மலட்டுத்தன்மை வருவது யாருக்கும் நன்மையில்லை. நன்மையில்லாத ஒன்றை இயற்கைத் தேர்வு எப்படி உருவாக்கும்? மலட்டுத்தன்மையைத் தரும் மரபணு தோன்றிய அன்றே, அதைச் சுமக்கும் உயிரோடு ஒழிந்துபோயிருக்க வேண்டுமே?

1909இல் மரபியலாளர் வில்லியம் பேட்சன் இதற்கு விடை கண்டார். அதைக் கவனிப்பார் இல்லை. 1930களில் டாப்ஷான்ஸ்கியும் பிறகு முல்லரும் அதே இடத்துக்குத் தாமாக வந்துசேர்ந்தார்கள். விடை இரண்டு மரபணுக்களில் இருக்கிறது. பிரிந்துபோன இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதல் கூட்டத்தில் ஒரு மரபணு புதிய வடிவம் பெறுகிறது. அந்தக் கூட்டத்தின் பிற மரபணுக்களோடு அது ஒத்துப்போகிறது, ஆகவே பரவுகிறது. இரண்டாம் கூட்டத்தில் வேறொரு மரபணு புதிய வடிவம் பெறுகிறது. அதுவும் அங்கே ஒத்துப்போகிறது, பரவுகிறது. இரு கூட்டத்திலும் யாரும் மலடாகவில்லை, யாருக்கும் இழப்பில்லை. ஆனால் இந்த இரண்டு புதிய வடிவங்களும் ஓர் உடலுக்குள் சேர்ந்து இருந்ததே இல்லை. முதன்முதலாக ஒரு கலப்பினக் குட்டியின் உடலில்தான் அவை சந்திக்கின்றன. அங்கே ஒத்துப்போகாமல் போகலாம். அந்த ஒவ்வாமையைத் தேர்வு உருவாக்கவில்லை. தனித்தனியாகக் கழிந்த காலத்தின் பக்கவிளைவு அது. காலம் நீள நீள இத்தகைய ஒவ்வாத இணைகள் கூடிக்கொண்டே போகும்.

எட்டாம் வகுப்பு மாணவருக்கு இது புரியாது என்பீர்களா? இரண்டு கட்டங்கள், நான்கு எழுத்துகள் போதும் இதைக் கரும்பலகையில் காட்ட. மெண்டலின் பட்டாணிக் கட்டங்களைவிட எளிது. அந்தக் கட்டங்களை மட்டும் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறீர்களே.

பக்கவிளைவு என்பதற்கு ஆய்வகச் சான்றும் உண்டு. டயான் டாட் 1989இல் வெளியிட்ட சோதனையில், ஒரே மூலத்திலிருந்து வந்த பழ ஈக்களைப் பிரித்து, சில கூட்டங்களை மாவுச்சத்து உணவிலும் சில கூட்டங்களை மால்ட்டோஸ் சர்க்கரை உணவிலும் பல தலைமுறைகள் வளர்த்தார். பிறகு கலந்துவிட்டபோது, மாவுச்சத்து ஈக்கள் மாவுச்சத்து ஈக்களையும் மால்ட்டோஸ் ஈக்கள் மால்ட்டோஸ் ஈக்களையும் இணையாக நாடுவது கூடுதலாக இருந்தது. இணையைப் பற்றி யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உணவு மாறியது, ஈயின் விருப்பமும் கூடவே மாறிவிட்டது.

அடுத்து, நடுவே கடலோ மலையோ எழாமலே பிரிவு நடக்க முடியுமா என்பது. இந்தக் கேள்வியில் அறிஞர்கள் பல்லாண்டுகள் சண்டையிட்டார்கள். பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942இல் சிற்றினத்துக்குத் தந்த விளக்கத்தை நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்: தமக்குள் இனப்பெருக்கம் செய்யக்கூடிய, மற்றக் கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க வழியில் விலகி நிற்கும் கூட்டம். நிலவியல் தடை இல்லாமல் பிரிவு நடக்கும் என்பதை ஏற்க அவருக்கு மனமே வரவில்லை. அவருக்கு எதிராக எழுந்து நின்றது ஓர் ஈ.

வட அமெரிக்காவில் ஹாதார்ன் என்ற முள்மரத்தின் சிறு சிவப்புப் பழங்களில் முட்டையிட்டு வாழ்ந்த ஈ அது. ஐரோப்பியர் கொண்டுவந்த ஆப்பிள் மரங்கள் அதே நிலப்பரப்பில் பரவின. 1860களில் ஆப்பிளிலும் இந்த ஈயின் புழுக்கள் காணப்பட்டன. பழம் மாறிய ஈ, புதிய சிற்றினமாகும் வழியில் இருக்கலாம் என்று பூச்சியியலாளர் பெஞ்சமின் வால்ஷ் அப்போதே எழுதினார். இந்த ஈ இணைசேர்வது பழத்தின் மேலேயே. ஆண் ஈ பழத்தில் காத்திருக்கும். பெண் ஈ அங்கே வந்து இணைசேர்ந்து, பழத்தோலைத் துளைத்து முட்டையிடும். ஆக, எந்தப் பழம் பிடிக்கும் என்பதே யாரை மணப்பது என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. இதோடு காலமும் சேர்கிறது. ஆப்பிள், ஹாதார்னைவிடச் சில வாரங்கள் முன்பே பழுக்கிறது. ஈயின் வாழ்நாளோ ஏறக்குறைய ஒரு மாதம். ஆப்பிளுக்கு ஏற்ற நேரத்தில் மண்ணிலிருந்து வெளிவருகிற ஈ, ஹாதார்ன் பழுக்கும்போது பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. இரண்டு மரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், இரு கூட்டங்களுக்கும் இடையே ஒரு தலைமுறையில் நடக்கும் கலப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். பழத்தின் மணத்தைக்கூட இவை வேறுவேறாக நாடுகின்றன. இன்னும் வேடிக்கை, இந்த ஈயின் புழுவில் முட்டையிட்டு வாழும் ஒரு குளவியும் ஈயின் பின்னாலேயே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது.

இது முழுப் பிரிவா? இல்லை, இன்னும் முடியவில்லை. பாடநூலுக்கு இது ஏன் தேவை என்றால், முடியாததனால்தான். நடந்துமுடிந்த ஆயிரம் பிரிவுகளைப் பட்டியலிடுவதைவிட, நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் காட்டுவது பெரிது.

"காலப்போக்கில்" என்று எழுதிக் கோடி ஆண்டுகளுக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. செடிகளில் புதிய சிற்றினம் ஒன்றிரண்டு தலைமுறைகளில் தோன்றிவிடலாம். இங்கிலாந்தின் சௌத்தாம்டன் கழிமுகச் சேற்றில் நடந்தது இதுதான். அங்கே ஸ்பார்ட்டினா என்ற புல்லின் உள்ளூர் வகை இருந்தது, அதன் செல்லில் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 60. வட அமெரிக்க வகை, 62 குரோமோசோம்கள், கப்பல் வழியே வந்து சேர்ந்தது. இரண்டும் கலந்து உண்டான புல் 1870இல் பதிவானது. அது மலடு, இரு பெற்றோரின் குரோமோசோம்களும் ஒன்றுக்கொன்று சரியான இணையாக அமையாததால் விதை பிடிக்கவில்லை, வேர்த்தண்டால் மட்டும் பரவியது. 1890களில் அதிலிருந்தே விதை பிடிக்கும் புல் ஒன்று தோன்றியிருந்தது. குரோமோசோம் தொகுதி முழுவதும் இரட்டித்து ஏறத்தாழ 120 ஆகியிருந்தது. இப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் துல்லியமான இணை இருக்கிறது; தனக்குள் விதை பிடிக்கிறது. பெற்றோரோடு கலந்தாலோ கணக்குப் பொருந்தாது. மயரின் விளக்கப்படியே இது புத்தம் புதிய சிற்றினம். "புதிய சிற்றினம் தோன்றியதை யார் பார்த்தார்கள்?" என்று கேட்பவருக்குச் சேற்றில் காலூன்றி நிற்கும் பதில். ரொட்டிக்கு மாவு தரும் கோதுமையின் 42 குரோமோசோம்களும் இப்படி மூன்று புல்வகைகள் சேர்ந்து வந்தவைதான்.

டாஃப்னி தீவிலும் இத்தகைய ஒன்று நடந்தது. 1981இல் 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பனோலா தீவிலிருந்து பெரிய ஆண் குருவி ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெண்ணோடு இணைசேர்ந்தது. இந்தப் பறவைகளில் மகன் தந்தையின் பாட்டையே கற்றுக்கொள்வான். பெண்கள் பாட்டையும் அலகையும் பார்த்து இணை தேடும். வந்தேறியின் பாட்டு உள்ளூர்ப் பாட்டு அன்று. சில தலைமுறைகளிலேயே அதன் வழித்தோன்றல்கள் தமக்குள் மட்டும் இணைசேரத் தொடங்கின. ஒரு வறட்சியில் அண்ணனும் தங்கையுமாக இரண்டே மிஞ்சி, அதிலிருந்தும் அந்தக் குலம் பெருகியது. இதற்கு யாரும் இன்னும் முறையான சிற்றினப் பெயர் சூட்டவில்லை. நிலைக்குமா என்பது போகப்போகத்தான் தெரியும்.

மூன்றாவதாக ஒன்று, இதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். சிற்றினத்தின் எல்லை மங்கலானது என்பதை மறைக்காதீர்கள். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63, ஆகவே மலடு என்று ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்து, எல்லாக் கலப்பும் இப்படித்தான் முடியும் என்பதுபோல விட்டுவிடுகிறீர்கள். துருவக் கரடியும் பழுப்புக் கரடியும் காட்டிலேயே கலந்திருக்கின்றன. அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதி 2010இல் வெளியானபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் உடலில் அவர்களது மரபுக்கூறு சிறு பங்கு இருப்பது தெரியவந்தது. ஆப்பிரிக்கக் காட்டு யானையையும் புல்வெளி யானையையும் இரண்டு சிற்றினங்களாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தனித்தனியே மதிப்பிட்டது 2021இல்தான். கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சிக்லிட் மீன்கள் சுமார் 500 சிற்றினங்கள். நிறம் பார்த்து இணை தேடும் சில இனங்கள், நீர் கலங்கிய பகுதிகளில் நிறம் தெரியாமல் மீண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பாலினக் கலப்பே இல்லாத பாக்டீரியாவுக்கு மயரின் விளக்கம் பொருந்தவே பொருந்தாது. அந்திப்பொழுதில் பகல் எந்த நொடியில் முடிந்தது என்று சொல்ல முடியாது. அதனால் பகலும் இரவும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. சிற்றினமும் அப்படியே. மெதுவாக நடக்கும் பிரிவை எந்த நாளில் எட்டிப்பார்த்தாலும் பாதியில் நிற்பவை சில இருந்தே தீரும். அவை இல்லாமல் எல்லாம் கறாராகப் பிரிந்து நின்றிருந்தால்தான் டார்வினுக்குச் சிக்கல்.

இவ்வளவுக்கும் இடம் எங்கே என்று கேட்பீர்கள். லாமார்க்கை நான்கு பக்கம் தோற்கடிப்பதை நிறுத்தினாலே இரண்டு பக்கம் கிடைக்கும். பாவம், 1809இல் எழுதிய மனிதர். பீகிள் பயணத்தின் வரைபடமும், தேதிகளும், டார்வினின் தாடி வைத்த படமும் பாதியாகக் குறையட்டும். "தக்கன பிழைக்கும் என்றால் என்ன?" என்ற இரண்டு மதிப்பெண் வினாவையும் எடுத்துவிடலாம், அதற்கு மாணவர்கள் எழுதும் மனப்பாட விடையைத் திருத்தும் ஆசிரியர்களின் நேரமாவது மிஞ்சும்.

அந்த இடத்தில் ஆப்பிள் ஈயைப் பற்றிய விவரங்களைக் கொடுத்து, இவை ஒரு சிற்றினமா, இரண்டா, உன் காரணம் என்ன என்று ஒரு வினா வையுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கு விடை போடவேண்டாம். ஒன்று என்று எழுதியவருக்கும் இரண்டு என்று எழுதியவருக்கும், காரணம் சரியாக இருந்தால், முழு மதிப்பெண் தரும்படி திருத்துவோருக்கான குறிப்பில் மட்டும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகத்தை வைத்து உயிரியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர்